எப்போதாவது எடுக்கும் ப்ரீபெய்டு சிம்மைச் சாகவிடாமல் வைத்திருப்பது எப்படி?

கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பலரிடம் இரண்டு சிம் உண்டு. கோவை வேலைக்குத் தமிழ்நாட்டு எண். பேங்க், ரேஷனுக்குப் பழைய கேரள எண். அந்த இரண்டாவது சிம்தான் ஒருநாள் சத்தமில்லாமல் கட் ஆகிவிடும்.

ப்ரீபெய்டு என்றால் முன்பணம் கட்டிப் பேசுவது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, தொடர்ந்து 90 நாள் பயன்பாடே இல்லாவிட்டால் கம்பெனி எண்ணைத் துண்டிக்கலாம். காரணம், எண்கள் அளவாகத்தான் இருக்கின்றன. கிடப்பதை வாங்கி வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே கதைதான். ஆள் வந்து உட்காராவிட்டால் துண்டுக்கு எத்தனை நேரம் மரியாதை?

அதனால் மாதம் ஒரு கால் பேசுங்கள், அல்லது கொஞ்சம் நெட் போடுங்கள். கேரள எண்ணில் கோவைப் பக்கம் ரோமிங்கில் பேசினாலும் சரி. முடியாதா? மெயின் பேலன்ஸில் 20 ரூபாயோ அதற்கு மேலோ விட்டுவையுங்கள். 90 நாளுக்குப் பிறகு 30 நாளுக்கு 20 ரூபாய் வீதம் கழித்துக்கொண்டு எண்ணை வைத்திருப்பார்கள். துண்டித்துவிட்டாலும் 15 நாளுக்குள் கேட்டால் மீட்கலாம். அப்புறம் கஷ்டம்.

“ஓடிபி வந்துகொண்டுதானே இருக்கிறது, சிம் உயிரோடுதான் இருக்கும்” என்று பலர் நினைக்கிறார்கள். வரும் எஸ்எம்எஸ் பயன்பாட்டுக் கணக்கில் சேராது.