கிராங் இறுகினால் அலவாங்கைத் தேடாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய எஞ்சின் பூட்டுகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும். கிராங் என்பது பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு.

கொக்குவிலிலிருந்து: அண்ணை, மொரிஸ் மைனர் எஞ்சின். கிராங்கைத் தாங்கும் மூன்று மெயின் பெயரிங்கும் புதிது. மூடிகளை இறுக்கியதும் கிராங் அசையவே இல்லை. கிராங்கைக் கடைந்த லேத்காரரின் பிழையா?

அவரைத் திட்ட முன்னர் மூன்று மூடியையும் தளர்த்துங்கள், தம்பி. பிஸ்டன் இன்னும் போடவில்லைத்தானே? நல்லது. ஷெல்லுக்கு (பெயரிங்கின் அரைவட்ட உலோகத் தகடு) எண்ணெய் விட்டு, நடு மூடியை மட்டும் இறுக்கிக் கையால் சுற்றுங்கள். பிறகு முன்னது, கடைசியாகப் பின்னது. எதை இறுக்கியதும் பிடிக்கிறதோ, அதைக் கழற்றி ஷெல்லின் முதுகைப் பாருங்கள். எல்லோரும் பளபளக்கிற முகத்தைத்தான் துடைப்பார்கள். ஒருமுறை எனக்கு முதுகுப் பக்கத்தில் கிடைத்தது, துடைத்த பழந்துணியின் ஒற்றை நூல். கிராங்குக்கும் ஷெல்லுக்கும் இடையில் இருக்க வேண்டியதே 0.001, 0.002 அங்குலம்தான், நூல் புகுந்தால் எப்படிச் சுற்றும்? மூடிகள் இடம் மாறியதா, முன்பின் திரும்பியதா என்றும் பாருங்கள். புளொக்கோடு (எஞ்சினின் உடல் வார்ப்பு) பூட்டி வைத்தே குடைந்தவை அவை.

அவரே மறுபடியும்: தனித்தனியே இறுக்கினால் சுற்றுகிறது. மூன்றையும் இறுக்கினால் பிடிக்கிறது.

அப்படியென்றால் கிராங் வளைந்திருக்கும், அல்லது புளொக்கின் துளைகள் நேர்கோட்டில் இல்லை. ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் இறுகினால் கிராங்கைச் சந்தேகியுங்கள். சுற்று முழுக்க ஒரே இறுக்கம் என்றால் புளொக்கை. கிராங்கின் இரண்டு முனையையும் வி-கட்டையில் வைத்து, நடுவில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) பிடித்துச் சுற்றினால் வளைவு தெரிந்துவிடும்.

சாவகச்சேரியிலிருந்து: கிராங்கை 20க்கு, அதாவது 0.020 அங்குலம் சிறிதாகக் கடைந்தார்கள். ஷெல் பெட்டியிலும் 20 என்றே இருக்கிறது. ஆனாலும் இறுகுகிறது.

பெட்டியை நம்பாதீர்கள். ஷெல்லின் முதுகில் அடித்திருக்கும் இலக்கம் 30 என்றால், துளை 0.010 அங்குலம் சிறிது. எந்தக் கொம்பனாலும் சுற்ற முடியாது.

சுன்னாகத்திலிருந்து: ஷெல்லை எமரித்தாளால் கொஞ்சம் தேய்த்தால் சரிவரும் என்கிறார் ஒரு பழைய மெக்கானிக்.

வேண்டாம். எமரித் தூள் ஷெல்லின் மென்மையான உலோகத்தில் பதிந்து, பிறகு கிராங்கையே தின்னும். அந்த ஐயாவைக் குறை சொல்லவும் மாட்டேன். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய ஊர் இது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணீராக்கும், பெயரிங் தேயும், புது ஷெல் கிடைக்காது. மூடியை அரத்தால் அராவி நெருக்கி ஓட்டினார்கள். உங்களுடையது அந்தக் காலத்துப் புளொக் என்றால், மூடி புளொக்கில் அமரும் முகத்தில் அரத்தின் கீறல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் துளை இப்போது வட்டமில்லை. புது ஷெல் அதில் இறுகாமல் என்ன செய்யும்? நேர்கோட்டில் திரும்பக் குடைய வேண்டும். செலவுதான், குறுக்குவழி இல்லை.

பருத்தித்துறையிலிருந்து: என்னுடையதும் மொரிஸ் மைனர்தான். கிராங் முன்பின் துளியும் அசையவில்லை.

நடு பெயரிங்கின் பக்கத்து அரைவட்ட வாஷர்களைத் திருப்பிப் போட்டீர்களா? எண்ணெய்க் கோடு உள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். 0.002 முதல் 0.003 அங்குலம் ஆட்டம் தேவை.

நல்லூரிலிருந்து: பிஸ்டன் போட்டதும் பாரமாகிவிட்டது.

புது பிஸ்டன் வளையங்களோடு சீரான பாரம் இருக்கும், அது சரி. ஓரிடத்தில் முட்டினால், ரொட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) மூடிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பாருங்கள். எது தளர்ந்ததும் இலகுவாகிறதோ, அதன் மூடியும் ரொட்டும் ஒரே இலக்கமா என்று முதலில் பாருங்கள்.