படுக்கையறைச் சுவரில் கார் சார்ஜர் ஒயர்: தொட்டிலை மாற்றணுமா?

வேண்டாம். மின்சாரக் காரின் சார்ஜர் ஒயர் போகும் சுவரருகே குழந்தையின் தொட்டில் இருக்கிறது, அங்கே போன் ஆப் 43 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தின் அளவு) காட்டியது என்று கேட்டிருக்கிறீர்கள். அது சார்ஜர் ஒயரிலிருந்து வந்ததல்ல. சென்னையில் பூமியின் காந்தப்புலமே ஏறக்குறைய 40 இருக்கும். சார்ஜரை அணைத்துவிட்டு அதே இடத்தில் பாருங்கள், கிட்டத்தட்ட அதே எண்தான் வரும்.

ஒயரில் மின்சாரம் ஓடும்போது வரும் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை மாறும்) புலம் வேறு. ஃபேஸும் (மின்சாரம் வரும் ஒயர்) நியூட்ரலும் (அது திரும்பும் ஒயர்) ஒரே பைப்பில் ஒட்டிப்போனால் ஒன்றின் புலத்தை மற்றது அடித்துவிடும். 15 ஆம்பியரில், ஒரு சென்டிமீட்டர் இடைவெளியுள்ள ஜோடி அரை மீட்டர் தள்ளித் தருவது 0.12 மைக்ரோடெஸ்லா. தனி ஒயர் என்றால் அதே தூரத்தில் 6. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையமான ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. பொதுமக்களுக்கு வைத்த வரம்பு (2010) 200.

தண்டையார்பேட்டையில் பழைய வீடு என்கிறீர்கள், அதுதான் யோசிக்க வைக்கிறது. கீழே மீட்டர் பாக்ஸிலிருந்து ஃபேஸை மட்டும் புதிதாக இழுத்து, நியூட்ரலைப் பழைய லைனில் கோத்திருக்கலாம். புலம் கூடும் என்பதைவிட, அந்த மெல்லிய நியூட்ரல் ராத்திரி முழுக்கச் சூடேறும் என்பதே எனக்குப் பயம்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சார்ஜ் ஏறும்போது இரண்டு ஒயரையும் சேர்த்து கிளாம்ப் மீட்டர் (ஒயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் கருவி) வாய்க்குள் பிடிக்கச் சொல்லுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டணும். சில ஆம்பியர் காட்டினால் நியூட்ரல் வேறு வழியில் திரும்புகிறது. சரிசெய்யும்வரை சார்ஜ் போடாதீர்கள். எர்த் ஒயரை இறுக்கும் நட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் பக்கம் கடல்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

ஒன்று மட்டும்: நீண்டகாலச் சராசரி 0.3–0.4 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டிய வீடுகளில் குழந்தை ரத்தப்புற்றுநோயோடு ஒரு புள்ளிவிவரத் தொடர்பு தெரிந்ததால், 2002-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐ.ஏ.ஆர்.சி. ஒயரின் இந்த வகைப் புலத்தை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி வகையில் வைத்தது. காரணம் என்று நிரூபணமாகவில்லை. மனம் கேட்கவில்லையென்றால் தொட்டிலை ஒரு மீட்டர் தள்ளிப்போடுங்கள், தப்பில்லை.