காருக்கு முன்னால் எர்த்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கோட்டையூர் வீட்டில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. உங்களுடையது மின்வாரியக் கம்பியோடு சேர்ந்தே ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். மின்வாரியக் கம்பியில் கரண்ட் இல்லையென்றால் அதுவும் நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் சோலார் கரண்ட் கம்பிக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் உயிருக்கு ஆபத்து. கரண்ட் போனாலும் சோலாரில் வீடு ஓட வேண்டுமானால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். விற்றவர் இதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது அவர் குற்றம், உங்களுடையதல்ல.

கேள்வி: லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம் என்று விற்ற ஸ்கூட்டர் 45 கி.மீ. வேகம் போகிறது. தேவகோட்டை ரோட்டில் ஓட்டலாமா?

பதில்: கூடாது. மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் 25 கி.மீ.க்கும் குறைவாக இருந்தால்தான் அந்தச் சலுகை.

கேள்வி: கானாடுகாத்தானில் பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடு. கரண்ட் பில் பாட்டையா பெயரில். படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும்தான் திறப்போம். மானியம் வருகிறதே, சோலார் போடலாமா?

பதில்: பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு எதற்கு? இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எப்படியும் இலவசம். யாராவது குடியிருக்கப் போகிறார்கள் என்றால் முதலில் மின் இணைப்பைப் பெயர் மாற்றுங்கள். விண்ணப்பிப்பவர் பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பங்காளிகளின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். நாட்டு ஓட்டின் மேல் பேனல் வேண்டாம். தட்டோடு பதித்த மெத்தையில் (பழைய மொட்டை மாடித் தளம்) துளை போடவே விடாதீர்கள். மழைநீர் இறங்கி உத்திரம் உளுத்துவிடும். பின்னால் கட்டிய கான்கிரீட் கூரை இருந்தால் அங்கே தெற்கு பார்த்து, சுமார் 10 டிகிரி சாய்வில் வையுங்கள். முகப்பின் நிழல் ஒரே ஒரு பேனலில் விழுந்தாலும் அதே வரிசையில் உள்ள மற்றவற்றின் உற்பத்தியும் குறையக்கூடும்.

கேள்வி: காரைக்குடியில் புது எலெக்ட்ரிக் கார் எடுத்தோம். ஃபிரிட்ஜ் பிளக்கில்தான் சார்ஜ் போடுகிறோம். பிளக் சூடாகி உருகுகிறது. கார் கோளாறா?

பதில்: காருக்குப் பல லட்சம் கொடுத்தீர்கள், வயரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. 3.3 கிலோவாட் சார்ஜர் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதுவும் எட்டு, பத்து மணி நேரம் விடாமல். ஃபிரிட்ஜ் அப்படி இழுப்பதில்லை. தேக்குச் சட்டத்தில் ஓடும் பழைய 1/18 வயர் (மெல்லிய ஒற்றைக் கம்பி) அதைத் தாங்காது. மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு வயரைத் தனியாக இழுங்கள். 20 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் அணைக்கும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்), இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடுங்கள். மலிவு சாக்கெட்டில் பிடிப்பு தளரும், தளர்ந்த இடம் சூடாகும்; நான் வாங்கிய ஒன்றும் கருகித்தான் போனது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

எர்த் விஷயத்தில்தான் எனக்குத் தீராத ஆத்திரம். நம் பழைய வீடுகள் பலவற்றில் பிளக்கில் மூன்று துளை இருக்கும், பின்னால் இரண்டே கம்பி. எர்த் இல்லாமல் கார் சார்ஜ் ஏறவில்லை என்றதும் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போகும் எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பில் 230 வோல்ட் நிற்கும். குழந்தை கதவைத் தொட்டால் போதும். தனி எர்த் குழி எடுங்கள். செம்புறாங்கல் மண் கோடையில் காய்ந்து எர்த் பிடிக்காது, அந்த மாதங்களில் தண்ணீர் ஊற்றுங்கள். எர்த் அளக்கும் டெஸ்டர் வைத்து 5 ஓமுக்குக் கீழே காட்டச் சொல்லி, அதன் பிறகு கூலி கொடுங்கள்.

கேள்வி: கொத்தமங்கலத்தில் தனியாக இருக்கும் ஆத்தாவிடம் "மத்திய அரசு இலவச சோலார்" என்று 10,000 ரூபாய் வாங்கிப் போனவர் போனையே எடுப்பதில்லை.

பதில்: ஆத்தாவை யாரும் ஏச வேண்டாம், அரசு பெயரைச் சொன்னால் யாரும் நம்புவார்கள். பிரதமர் சூரிய வீடு (PM Surya Ghar) என்ற மத்திய அரசின் சோலார் மானியத் திட்டத்தில் இலவச பேனல் கிடையாது. 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். நெட் மீட்டர் (வாரியத்துக்குக் கொடுத்த கரண்டையும் வாங்கிய கரண்டையும் கணக்கிடும் மீட்டர்) வைத்த பிறகு நேரே வங்கிக் கணக்குக்கு வரும். பணம் ஆன்லைனில் போயிருந்தால் இன்றே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். ரொக்கமானால் காவல் நிலையத்தில் புகார் எழுதி ரசீது வாங்குங்கள். கடை பெயரில் துண்டுச் சீட்டு ஏதாவது இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும், சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். ஆணையத்தில் இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.