தோல் ஆறிவிட்டது, அரிப்பு ஏன் ஆறவில்லை?

கேள்வி: எனக்கு வயது 46. நான்கு வருடமாக முன்கையிலும் கணுக்காலிலும் எக்சிமா. களிம்பு போட்டுத் தோல் ஏறக்குறைய சரியாகிவிட்டது, அரிப்பு மட்டும் விடவில்லை. சட்டைக்கை உரசினாலே அரிக்கிறது. தூக்கத்திலேயே சொறிந்து, காலையில் பார்த்தால் நகக்கண்ணில் ரத்தம். அலர்ஜி மாத்திரை போட்டால் தூக்கம்தான் வருகிறது. வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள். மூளையில் ஏதாவது கோளாறா?

பதில்: மனப்பிரமை இல்லை. மூளைக் கோளாறு என்று பயப்படவும் வேண்டாம். ஆனால் ஆறு வாரத்தைத் தாண்டிய அரிப்பைத் தோல் விஷயமாக மட்டும் பார்க்க முடியாது. நரம்புகளும் அரிக்கவே பழகிவிடுகின்றன.

சட்டை உரசுவது சாதாரணமாக அரிப்பாகத் தெரியாது. தண்டுவடத்தில் இருக்கும் சில நரம்பு செல்கள் அதை வாசலிலேயே மறித்துவிடும். நாள்பட்ட அரிப்பில் இந்தக் காவல் தளர்கிறது. வெறும் தொடுதலும் அரிப்புப் பாதையில் நுழைகிறது. போதாததற்கு, பக்கத்திலுள்ள ஆஸ்ட்ரோசைட் செல்களும் சேர்ந்துகொள்கின்றன. நரம்பு செல்களுக்கு எடுபிடி என்று ஒருகாலத்தில் நாங்கள் படித்த செல்கள்தான். அரிப்புள்ள எலிகளில் இவை லிப்போகாலின்-2 என்ற புரதத்தைச் சுரந்து, அரிப்பு சிக்னலை இன்னும் பெரிதாக்குவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள்.

சரி, சொறிந்தால் ஏன் மேலும் அரிக்கிறது? சொறிவது லேசான வலி. அந்த வலி அரிப்பைச் சில நொடி அமுக்கும். வலியைத் தணிக்க மூளை செரட்டோனின் என்ற ரசாயனத்தைத் தண்டுவடத்துக்கு அனுப்பும். அதே செரட்டோனின் அங்குள்ள அரிப்பு செல்களையும் உசுப்பிவிடுகிறது என்று 2014-இல் எலிகளில் கண்டறிந்தார்கள். சொறியும்போது கிடைக்கும் சுகமும் பொய்யல்ல. மூளையில் இன்பத்துக்கான பகுதிகள் அப்போது வேலை செய்கின்றன. "கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு" என்று அதட்டினால் நடக்காததற்கு இதுதான் காரணம். (அரிப்பைப் பற்றிப் பேசினாலே அரிக்கும். இதை எழுதும்போது எனக்குக் காது மடல் அரித்தது.)

அலர்ஜி மாத்திரை ஹிஸ்டமின் என்ற அலர்ஜி ரசாயனத்தைத்தான் தடுக்கும். எக்சிமா அரிப்பில் அதன் பங்கு குறைவு. ஐ.எல்-4, ஐ.எல்-13, ஐ.எல்-31 என்ற அழற்சிப் பொருள்கள் நரம்பு முனைகளை நேரடியாகவே உசுப்புகின்றன. அவற்றை மறிக்கும் ஊசிகள் இப்போது உண்டு. நரம்பின் துடிப்பைத் தணிக்கும் கபாபென்டினைச் சிலருக்கு இரவில் கொடுப்போம். தலைசுற்றும், சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் அளவு வைக்க வேண்டும். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

தோல் நன்றாகத் தெரிகிறது என்று மாய்ஸ்சரைசரை நிறுத்திவிட்டீர்களோ என்பது என் சந்தேகம். குளித்து ஈரம் காய்வதற்குள் தாராளமாகப் பூசுங்கள். சுடுதண்ணீர் அப்போதைக்கு இதமாக இருக்கும், அப்புறம் தோலை உலர்த்தி அரிப்பைக் கூட்டும். அரிக்கும்போது குளிர்ந்த ஈரத்துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

தோல் மருத்துவரைப் பார்க்கும்போது சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்து பரிசோதனைகள் செய்தீர்களா என்று சொல்லுங்கள். இல்லையென்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். தோலில் ஒன்றுமில்லாமல் அரிப்பதற்கு இவற்றில் உள்ள கோளாறும் காரணமாகலாம். எடை குறைவது, இரவில் வியர்த்துக் கொட்டுவது, கண் மஞ்சளாவது, இதில் ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் போங்கள்.