மாற்றுச் சாவி வீட்டுக்குள்ளேயே இருந்தால்?

கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கேள்வி: ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறேன். கணக்கு முழுக்க டேலியில். புது கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க் போட்டு ‘ரெய்டு’ செய்து கொடுத்திருக்கிறார்கள். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும், இனி பேக்கப் வேண்டாம் என்கிறார்கள். நம்பலாமா?
வாசகர், குலசேகரம்

முதல் பாதியை நம்பலாம். ரெய்டு 1 என்பது எழுதுவதையெல்லாம் அந்த நேரத்திலேயே இரண்டு டிஸ்க்கிலும் எழுதும். ஒன்று கெட்டால் மற்றதை வைத்துக் கடையை அடைக்காமல் ஓட்டலாம். அவ்வளவுதான் அதன் வேலை. கடைப் பையன் கை தவறி இந்த வருஷக் கணக்கை அழித்தால், அது இரண்டிலும் சேர்ந்தே அழியும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். ஐப்பசி இடி ஒன்று கரண்ட் லைன் வழியாக இறங்கினாலோ, இரண்டும் ஒரே பெட்டிக்குள், ஒரே பவர் சப்ளையில்தானே இருக்கின்றன? மாற்றுச் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிய கதைதான்.

பேக்கப் என்றால் தேதி போட்ட பழைய நகல். நேற்றையது, போன வாரத்தது, போன மாதத்தது என்று தனித்தனியாக இருக்க வேண்டும். ஷீட்டுக்கும் ஒட்டுப்பாலுக்கும் யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கு போன செவ்வாய்க்கிழமை கெட்டுப்போனதை இன்றுதான் கவனிக்கிறீர்கள் என்றால், நேற்றைய நகலிலும் கெட்ட கணக்குதான் இருக்கும். பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு சுலபமானது: மொத்தம் 3 பிரதி, 2 வகைச் சாதனத்தில், அதில் 1 வேறு இடத்தில்.

இப்படி எழுதுகிற நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். வடசேரியில் என் சர்வீஸ் கடைக்கு ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி வருவார். “தினமும் ராத்திரி டேலியை பென்டிரைவில் காப்பி பண்ணிக்கிடுங்க” என்று சொல்லியிருந்தேன். இரண்டு வருஷம் ஒரு நாள் தவறாமல் செய்தார். பென்டிரைவ் எப்போதும் சட்டைப் பையில்தான். அவருடைய ஹார்டு டிஸ்க் போன அன்று சிரித்துக்கொண்டே நீட்டினார்: “எல்லாம் இதுல இருக்குல்லா தம்பி?” திறந்தால் உள்ளே ஒரே ஒரு ஐகான். அளவு 2 கேபி. டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டைத்தான், அதாவது டேலியைத் திறக்க வழிகாட்டும் வெறும் பட்டனைத்தான், தினமும் இழுத்துப் போட்டிருக்கிறார். கணக்கு இருப்பதோ எண்ணையே பெயராகக் கொண்ட வேறு ஃபோல்டரில். அதை நான் காட்டிக்கொடுக்கவே இல்லை. பில் கட்டை வைத்துக்கொண்டு மறுபடி ஏற்ற அவருக்கு ஒன்றரை மாதம் ஆனது. நான் கூலி வாங்கவில்லை. வாங்க முகமும் இல்லை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், வேறொரு சர்வர் என்று நினைத்து அசல் டேட்டாபேஸையே அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடினால் அந்த இடம் காலி. மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் பேக்கப் ஓடவே இல்லை. அதைச் சொல்லும் எச்சரிக்கை மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகலால் தப்பினார்கள்.

அதனால் மாதம் ஒரு நாள் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ரெஸ்டோர் செய்து, அதாவது திரும்ப ஏற்றி, ஏதாவது ஒரு பார்ட்டியின் பாக்கியைத் திறந்து பாருங்கள். அதே கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும் என்றால் தனி ஃபோல்டரில் செய்யுங்கள். அசல் மேலேயே ரெஸ்டோர் செய்து, இன்றைய கணக்கைப் பழைய கணக்கால் அழித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தவர்கள் உண்டு.

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குத் தனியாக யுபிஎஸ் வேண்டுமா?
வாசகி, மார்த்தாண்டம்

இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிட்டு, மெயினை அணைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் அணையாமல் ஓடினால் தனியாக வேண்டாம். ரீஸ்டார்ட் ஆனால் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கத்தான் வேண்டும்.

கேள்வி: மீன் ஏலக் கமிஷன் கணக்கெல்லாம் கூகுள் டிரைவில். லேப்டாப் கடலில் விழுந்தாலும் கவலை இல்லை. சரிதானே?
வாசகர், குளச்சல்

லேப்டாப் விழுந்தால் கவலை இல்லைதான். ஆனால் டிரைவ் ஃபோல்டரில் ஒரு ஃபைலை அழித்தால் அது கூகுளில் இருக்கும் பிரதியிலும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் கிடக்கும். 31-ஆம் நாள் நினைவு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம், 2017 நவம்பர் 30-ஐ மறந்துவிட்டீர்களா? ஒகி புயல் வந்து ரப்பரும் வாழையும் கரண்ட் கம்பமும் சேர்ந்து சாய்ந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போன் டவரும் இல்லை. கணக்கு எங்கோ ஒரு டேட்டா சென்டரில் பத்திரமாக இருந்திருக்கும், உங்கள் கைக்குத்தான் வந்திருக்காது. இரண்டு விஷயத்தை முதலில் முடிவு செய்யுங்கள். எத்தனை நாள் கணக்கு போனால் தாங்குவீர்கள்? எத்தனை நாள் கம்ப்யூட்டர் இல்லாமல் தொழிலை ஓட்டுவீர்கள்? ஏலத்தில் ஒரு நாள் கணக்கு போனாலே வள்ளக்காரரோடு சண்டை வரும். ஆகவே தினமும் ஏலம் முடிந்ததும் பாக்கிப் பட்டியலை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து வையுங்கள். காகிதத்துக்கு டவர் வேண்டாம்.

வாரம் ஒரு முறை வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுங்கள். அதைக் கடற்கரைக் கடையிலோ, பக்கத்துத் தெருவில் உள்ள வீட்டிலோ வைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று தண்ணீர் கடை, வீடு என்று பிரித்துப் பார்க்கவில்லை என்பதை குளச்சல்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? தக்கலையில் தங்கையோ மைத்துனரோ இருந்தால் அங்கே கொடுத்து வையுங்கள். இரண்டு டிஸ்க் இருந்தால் போகும்போது ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கி வரலாம். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்கள், அந்தப் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி டிஸ்க்கிலேயே ஒட்டிவிடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தங்கையிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் மருமகப் பிள்ளை அதை ஃபார்மட் அடித்து சினிமா ஏற்றிவிடுவான்.