இரவில் மட்டும் கேட் கேமரா வெளுப்பது

சன்ஷேடுக்கு அடியில் மாட்டிய கேமராவில், 20 அடி தள்ளியுள்ள கேட் இரவில் சரியாகத் தெரிவதில்லை, புதுக் கேமரா வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இருப்பதையே சன்ஷேடிலிருந்து ஓர் அடி கீழே இறக்கி மாட்டுங்கள். பகலில் படம் பளிச்சென்று இருக்கிறது, இரவில்தான் பால் ஊற்றியதுபோல் ஆகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் லென்ஸைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு எல்இடி வெளிச்சம் நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அது சன்ஷேடின் வெள்ளை அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்புகிறது. அந்தப் பிரகாசத்துக்கு ஏற்பக் கேமரா உள்ளே வாங்கும் ஒளியைக் குறைத்துக்கொள்ள, தூரத்தில் உள்ள கேட் இருட்டாகிவிடுகிறது.

இன்று இரவே சோதித்துவிடலாம்:

1. முதலில் முகப்பைத் துணியால் துடையுங்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு சிலந்தி நூல்தான் குற்றவாளி. அது காற்றில் ஆடும்போதெல்லாம் 'ஆள் நடமாட்டம்' என்று போனில் அலர்ட். தூக்கம் போனதுதான் மிச்சம்.

2. செட்டிங்கில் ஐஆரை (அந்த அகச்சிவப்பு விளக்கை) அணைத்து, போர்டிகோ விளக்கைப் போடுங்கள். வெளுப்பு மறைந்தால் காரணம் பெரும்பாலும் சன்ஷேடுதான். மறையாவிட்டால் தெருவிளக்கு நேராக லென்ஸில் விழுகிறதா பாருங்கள்.

அப்புறம் உயரம். 12 அடியில் இருந்தால் வருகிறவரின் உச்சந்தலைதான் பதிவாகும். 8 அடி போதும். கேட் 20 அடி தள்ளி இருப்பதால், 2.8 மி.மீ. லென்ஸில் (இது குவியத் தூரம், எண் கூடினால் உருவம் பெரிதாகும்) முகம் சிறிதாகத்தான் தெரியும். 4 அல்லது 6 மி.மீ. நல்லது, ஆனால் பக்கவாட்டில் பார்வை குறுகும்.

ஒன்று மட்டும்: 8 அடி என்றால் ஸ்டூல் போட்டால் திருடன் கையும் எட்டிவிடும். வயரை வெளியே தொங்கவிடாமல் பைப்புக்குள் விடுங்கள்.