ஸ்டாக்ஹோமுக்கு ஜோடியா கிளம்புறவங்க கேட்ட கேள்விகள்

சம்மர் டிக்கெட் போடுற நேரம் வந்தாலே ஸ்டாக்ஹோம் கேள்விகள் குவியும். பாதிப் பேர் கல்யாணமான புதுசு, மீதிப் பேர் பசங்களை காலேஜ்ல விட்டுட்டு ரெண்டு பேரா கிளம்புறவங்க. வந்ததுல சிலதுக்கு இங்க பதில்.

எவ்வளவு யூரோ மாத்திட்டுப் போகணும்? ரெண்டு பேருக்கு 500 போதுமா? (சேலம்)

ஒரு யூரோ கூட வேண்டாம். ஸ்வீடன்ல ஓடுறது க்ரோனா, இதை டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே பாத்திருக்கணும். அந்த க்ரோனாவையும் நோட்டா மாத்தாதீங்க, நிறைய கடையில, மியூசியத்துல கேஷ் வாங்கவே மாட்டாங்க, பஸ்ல சுத்தமா கிடையாது. ஆளுக்கொரு கார்டு, அதுவும் வேற வேற பேங்க் கார்டா வச்சுக்கோங்க, ஒண்ணு பிளாக் ஆனா இன்னொண்ணு கைகொடுக்கும். இங்கேருந்து கிளம்பும்போதே இன்டர்நேஷனல் யூஸ் ஆன் பண்ணிடுங்க. கார்டு மெஷின் ரூபாயா க்ரோனாவான்னு கேட்டா எப்பவும் க்ரோனா. ரூபாயை அமுக்கினா அவங்க வைக்கிறதுதான் ரேட்டு.

ஏர்போர்ட்ல இருந்து காம்லா ஸ்டானுக்கு (ஸ்டாக்ஹோமோட பழைய நகரப் பகுதி) டாக்ஸி எவ்வளவு ஆகும்?

எந்த ஏர்போர்ட்? கேள்வியில அது இல்லையே! ஆர்லாண்டா 40 கிலோமீட்டர், ஸ்காவ்ஸ்டா 100 கிலோமீட்டர், ரெண்டுக்கும் டிக்கெட்ல "ஸ்டாக்ஹோம்"னு தான் போட்டிருக்கும். சீப் டிக்கெட்டுன்னு ஸ்காவ்ஸ்டால இறங்கினா, மிச்சம் பிடிச்ச காசும் நேரமும் பஸ்லயே போயிடும். ஆர்லாண்டான்னா எக்ஸ்பிரஸ் ட்ரெயின் 20 நிமிஷம், ஆனா ஆளுக்கு முந்நூத்தம்பது க்ரோனா பக்கம். அவசரம் இல்லன்னா 583 பஸ்ல மார்ஸ்டா போய் அங்கேருந்து லோக்கல் ட்ரெயின் பிடிங்க, சாதாரண எஸ்எல் (ஊர் பஸ், மெட்ரோ நடத்துற நிறுவனம்) டிக்கெட்டே போதும். டாக்ஸிக்கு அங்க அரசாங்கம் கட்டணம் நிர்ணயிக்கிறதில்ல, ஏறுறதுக்கு முன்னாடி ஜன்னல்ல ஒட்டியிருக்கிற விலை ஸ்டிக்கரைப் படிங்க, ஏறினப்புறம் சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல.

ஒரே ஒரு நாள் தான் ஸ்டாக்ஹோம். சிட்டி பாஸ் வாங்கினா எத்தனை இடம் கவர் பண்ணலாம்? (கோவை)

இந்தக் கேள்வி வராத மாசமே இல்ல, "கவர் பண்றது"ங்கிற பேச்சைக் கேட்டாலே எனக்கு ஆத்திரமா வருது. கணக்கைப் பாருங்க. ஒரு நாள் பாஸ் ஆளுக்கு 900 க்ரோனா பக்கம். வாசா மியூசியம் (முழுகின பழைய போர்க்கப்பலை வச்சிருக்கிற இடம்) தனியா 200, ஸ்கான்சென் (திறந்தவெளி மியூசியம்) 250 வச்சுக்கோங்க. மியூசியங்கள் பெரும்பாலும் பத்துல இருந்து அஞ்சு வரைக்கும், அப்போ போட்ட காசை எடுக்கணும்னா ஏழு மணி நேரத்துல நாலஞ்சு இடம் ஓடணும். இந்த ரெண்டும் இருக்கிற யூர்கோர்டன் தீவு ட்ராம் ஸ்டாப்புல இதைக் கண்ணால பாத்திருக்கேன், கணவர் போன்ல லிஸ்ட்டை டிக் பண்ணிக்கிட்டே முன்னாடி போறார், பின்னாடி அந்தம்மா புது ஷூ கடிச்சு காலை இழுத்துக்கிட்டே வர்றாங்க, ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல. இதுக்கா இவ்வளவு செலவு பண்ணி, விசா வாங்கி வந்தீங்க? இதுல மெட்ரோவும் ஃபெர்ரியும் அந்த பாஸ்ல இருக்கும்னு நம்பிக்கிட்டு வர்றவங்க வேற, வாங்குறதுக்கு முன்னாடி படிங்க, பெரும்பாலும் இருக்காது.

வாசாவை இருபது நிமிஷத்துல பாத்துட்டு வந்தோம்னு எழுதுறாங்க, மனசு கஷ்டமா இருக்கு. 1628 ஆகஸ்ட் 10, அந்தப் போர்க்கப்பலோட முதல் பயணம், கிளம்பி 1,300 மீட்டர் கூடப் போயிருக்காது, காத்துல சாய்ஞ்சு, திறந்து வச்சிருந்த பீரங்கி ஓட்டை வழியா தண்ணி புகுந்து துறைமுகத்துலயே முழுகிடுச்சு. மேல கனம் ஜாஸ்தின்னு முன்னாடியே தெரியும், முப்பது பேரை டெக்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுப் பாத்தாங்க, கப்பல் ஆடின ஆட்டத்துல சோதனையை நிறுத்திட்டாங்க, ஆனா கப்பலை நிறுத்தல. 333 வருஷம் கழிச்சு 1961ல தூக்கினப்போ மரம் அப்படியே இருந்துச்சு, பால்டிக் தண்ணியில உப்பு கம்மி, மரத்தைத் தின்னுற கப்பல் புழு அங்க வாழாது. மேல் மாடியில நின்னு பின்பக்கத்துச் சிற்பங்களைப் பாருங்க, அப்புறம் கீழ் தளத்துக்கு இறங்குங்க, அங்க கப்பலோட செத்தவங்க எலும்புக்கூடும், அதை வச்சு உருவாக்கின முகங்களும் இருக்கு. ரெண்டு மணி நேரம் குடுக்க முடியாதுன்னா போகாதீங்க.

ஒரு நாள் தான்னா காலையில வாசா, மதியத்துக்கு மேல பக்கத்துலயே ஸ்கான்சென், சாயங்காலம் யூர்கோர்டன்ல இருந்து காம்லா ஸ்டான் பக்கத்துல இருக்கிற ஸ்லுசெனுக்கு ஃபெர்ரி, அது எஸ்எல் டிக்கெட்லயே வரும். பாஸ்ல பாதிக் காசு தான் ஆகும். முடிஞ்சா மூணு நாளா மாத்துங்க.

நாங்க சுத்த சைவம். சாப்பாடு கிடைக்குமா?

தாராளமா. வேலை நாள்ல 11 மணியில இருந்து 2 மணி வரைக்கும் லன்ச் ஆஃபர் பிடிங்க, 150 க்ரோனாவுக்குள்ள சாலட், பிரெட், காபியோட வந்துரும், அதே ஹோட்டல்ல ராத்திரி போனா டபுள். ஃபியெல்காத்தன் தெருவுல ஹெர்மான்ஸ்னு வெஜ் பஃபே இருக்கு, கீழ துறைமுகம் முழுக்கத் தெரியும். குழாய்த் தண்ணியே குடிக்கலாம், பாட்டில் வாங்காதீங்க. வீட்டுல இருந்து பருப்புப்பொடி கொண்டு போகலாம், ஆனா நெய், பால்கோவா மாதிரி பால் பொருள் வேண்டாம், ஐரோப்பிய யூனியனுக்குள்ள கொண்டு போகத் தடை இருக்கு.

டிசம்பர்ல ஸ்டாக்ஹோம்ல நார்தர்ன் லைட்ஸ் பாக்கலாமா?

அதை நம்பி ஸ்டாக்ஹோமுக்குப் போகாதீங்க. அதுக்கு ஸ்வீடனோட வட கோடியில இருக்கிற அபிஸ்கோங்கிற ஊருக்குப் போகணும். டிசம்பர்ல மூணு மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சிடும், மியூசியம் ஓபனிங் டைமை அதுக்கேத்த மாதிரி பாத்து வச்சுக்கோங்க.

நோபல் விருந்து நடக்கிற ஹாலுக்குள்ள போக முடியுமா? (திருச்சி)

முடியும், ஆனா சிட்டி ஹாலுக்குள்ள கைடோட டூர்ல மட்டும் தான், தனியா சுத்த முடியாது. விருந்து நடக்கிறது கீழ ப்ளூ ஹால்ல. மேல கோல்டன் ஹால் சுவர் முழுக்க மொசைக், ஒரு கோடியே எண்பது லட்சம் துண்டு. பரிசைக் கையில குடுக்கிற இடம் இது இல்ல, அது கன்சர்ட் ஹால்ல, நிறைய பேர் ரெண்டையும் குழப்பிக்கிறாங்க. உங்க ஊர்ல பிறந்த சி.வி. ராமன் 1930ல வாங்கினார், சிதம்பரத்துல பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009ல. காம்லா ஸ்டான்ல இருக்கிற நோபல் மியூசியத்தையும் விடாதீங்க, அமர்த்தியா சென் ஓட்டின சைக்கிள் அங்க இருக்கு. சிட்டி ஹால்ல ஏதாவது விழா இருந்தா டூர் கிடையாது, டைம் பாத்துட்டுப் போங்க.

ஸ்வீடன், டென்மார்க் ரெண்டும் போறோம். எந்த எம்பஸில விசா?

எங்க அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாடு. ரெண்டும் சமம்னா முதல்ல இறங்குற நாடு. கணவன் மனைவின்னாலும் அப்ளிகேஷன் தனித்தனி. இன்ஷூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் கம்மியா எடுத்துட்டு அப்புறம் புலம்பாதீங்க.

ஜூன் 20 வாக்குல போறோம், கூட்டமா இருக்குமா?

நேர்மாறு. 19ல இருந்து 25க்குள்ள வர்ற வெள்ளிக்கிழமை மிட்சம்மர் ஈவ் (கோடைத் திருவிழா), ஊரே காலியாகி கிராமத்துக்கும் தீவுக்கும் போயிடும், கடை நிறைய மூடியிருக்கும். அன்னைக்கு ஸ்கான்சென் போங்க, கம்பம் நட்டு ஆடுவாங்க. மத்த இடத்துக்கெல்லாம் ஓபனிங் டைம் பாருங்க, மறுபடியும் சொல்றேன்.

காசு செலவில்லாம ரெண்டு பேரும் சாயங்காலம் உக்காந்து பேச ஒரு இடம்?

சோடர்மால்ம் பகுதியில மொன்டேலியுஸ்வேகன்ங்கிற நடைபாதை. எதிர்ல சிட்டி ஹால், காம்லா ஸ்டான், தண்ணி எல்லாம் தெரியும். ஜூன்ல பத்து மணி வரைக்கும் வெளிச்சம்.

ஒரே மெட்ரோ டிக்கெட்டை ரெண்டு பேரும் யூஸ் பண்ணிக்கலாமா?

முடியாது. ஆளுக்கு ஒண்ணு, 75 நிமிஷம். ஒருத்தர் டேப் பண்ணி கேட்ல ரெண்டு பேரா நுழையாதீங்க, செக்கிங்ல மாட்டினா அபராதம் ஆயிரம் க்ரோனாவுக்கு மேல. அந்த 75 நிமிஷத்துக்குள்ள ப்ளூ லைன்ல டி-சென்ட்ராலன், குங்ஸ்த்ரெட்கோர்டன், சூல்னா சென்ட்ரம் மூணு ஸ்டேஷன் ஓவியங்களையும் வெளிய வராமலே பாத்துடலாம்.